குத்தகையும் ஒரு கண் பரிசோதனை அட்டையும்

முதல் அறிவித்தல் ஒட்டப்பட்ட அன்று நான் கடைக்குப் பிந்தித்தான் போனேன். பண்டத்தரிப்பிலிருந்து வந்த பஸ் நடுவழியில் பழுதாகி நின்றுவிட்டது. யாழ்ப்பாணப் பட்டணத்தில் இறங்கி நடந்து எங்கள் கட்டடத்தடிக்கு வந்தபோது கடைக்காரர் எல்லோரும் வாசலில் நின்றார்கள். கண்ணாடிக் கதவில் ஒரு சட்டத்தரணியின் கடிதம் ஒட்டியிருந்தது. காணியின் குத்தகைக் காலம் முடிந்துவிட்டது, மூன்று மாதத்துக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று காணிச் சொந்தக்காரர் சார்பில் எழுதியிருந்தார்கள்.

மத்தியானத்துக்கு முன்னரே பக்கத்தில் இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. அது கட்டடத்தைக் கட்டியவருடையது. குத்தகை இன்னும் பத்து வருடத்துக்கு நீடிக்கப்பட்டிருக்கிறது, ஒருவரும் வெளியேறத் தேவையில்லை என்றது. இரண்டையும் மாறி மாறி வாசித்துவிட்டு நான் மேலே போய்க் கடையைத் திறந்தேன். அன்றைக்கு முழுக்க என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. துடைத்த பிரேம்களையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் கடைத்தொகுதி, சனம் மோல் என்று சொல்வது, போர் முடிந்து சில வருடங்களில் எழும்பியது. மூன்று தளம், முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி, நடுவில் எஸ்கலேட்டர். முதல் வருடங்களில் அந்த எஸ்கலேட்டரில் ஏறிப் பார்க்கவே ஊர் ஊராகச் சனம் வந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கியபடி ஏறிய அம்மாமாரை நான் கண்டிருக்கிறேன். பிறகு பஸ் நிலையத்துக்குக் கிட்டப் புதுக் கட்டடங்கள் வந்தன. போனில் படத்தைப் பார்த்து வீட்டுக்கே சாமான் எடுப்பிக்கவும் சனம் பழகிவிட்டது. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் மின்வெட்டுக்காக எஸ்கலேட்டரை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அது ஓடவில்லை. குளிரூட்டியும் நின்றது. மேல்தளத்தில் சாப்பாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டி, கடைசியில் மேசை கதிரைகள் மட்டும் கிடந்தன. நாற்பது கடை இருந்த இடத்தில் பதினொன்றுதான் திறந்தன.

என்னுடையது முதலாம் மாடியில் மூலைக் கடை. அகலம் இல்லை, நீளம் மட்டும் உண்டு. அதனால் வேறு ஒருவரும் அதை விரும்பவில்லை. ஆனால் கண் பரிசோதிக்கிறவளுக்கு நீளம்தான் வேண்டும். ஒரு பக்கத்தில் ஆளை இருத்தி மறுபக்கத்தில் எழுத்துப் பலகையை மாட்டலாம். கொழும்பில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்துகொண்டே அந்தப் படிப்பைப் படித்து முடித்தவள் நான். சொந்தமாகக் கடை போட இடம் தேடியபோது, கட்டடக்காரர்தான் மறுபேச்சில்லாமல் சாவியைத் தந்தார். நாங்கள் அவரை முதலாளி என்போம். பிறகு என் கணவருக்கு ஒப்பரேசன் நடந்த நாட்களில், பின்னேரங்களில் என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடச் சொல்லித் தன் வானை அனுப்பியவரும் அவர்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாக இராது.

பக்கத்துக் கடை மணப்பெண் அலங்காரக் கடை. அதை நடத்தியவள் குருநகர்ப் பிள்ளை, என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். தகப்பன் கடலுக்குப் போன ஆள். அவள் தானாகத் தொழில் பழகித் தானாகக் கடை போட்டவள். மத்தியானத்தில் சேர்ந்து சாப்பிடுவோம். வெள்ளிக்கிழமை எனக்கு மரக்கறி என்று தெரிந்து, அன்றைக்கு மட்டும் மீன் இருக்கும் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்துத் திறப்பாள். நான் பஸ்ஸுக்கு ஓடும் நாட்களில் என் கடையையும் அவளே பூட்டுவாள்.

அறிவித்தல்கள் வந்த கிழமையே கடைக்காரர் சங்கம் ஒன்று தொடங்கினோம். கடிதம் எழுதத் தெரிந்தவள் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். கூட்டம் மேல்தளத்தில், வெறுமையாகக் கிடந்த சாப்பாட்டு மேசைகளில் நடந்தது. முதல் தீர்மானமே, இரண்டு பக்கத்தோடும் ஒருவரும் தனியாகப் போய்க் கதைக்கக்கூடாது என்பதுதான். அதை என் கையால் எழுதினேன்.

இரண்டாவது கூட்டத்துக்கு முதலாளி வந்தார். காணிக்காரர் வழக்குப் போட்டுவிட்டார், ஆனால் பயப்பட வேண்டாம் என்றார். காணியின் பழைய சொந்தக்காரர், இப்போது வழக்குப் போட்டிருப்பவரின் தகப்பன், சாவதற்கு முந்திய வருடம் உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னிலையில் குத்தகையை நீடித்துக் கையெழுத்து வைத்துக் கொடுத்ததாகச் சொல்லி, அந்த உறுதிப் பத்திரத்தின் போட்டோகொப்பியை எல்லோருக்கும் தந்தார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. குருநகர்ப் பிள்ளை என் கையைப் பிடித்து அமத்தினாள். நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். கையெழுத்து கோட்டின்மேல் நேராக இருந்தது. அதற்குப் பக்கத்தில் திகதி இருந்தது. கொப்பியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

கையெழுத்து வைத்த அந்த ஐயாவை எனக்குத் தெரியும். ஒரேயொரு தரம் என் கடைக்கு வந்தவர். எஸ்கலேட்டர் ஓடிய காலம். டிரைவர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினார். எழுத்துப் பலகை இருக்கும் திசையே அவருக்குப் பிடிபடவில்லை. விரல்களை நீட்டினேன், எண்ண முடியவில்லை. முகத்துக்குக் கிட்டக் கையை ஆட்டினேன். ஏதோ ஆடுகிறது என்றார். மற்றக் கண்ணும் அப்படித்தான். கண்ணாடி போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கு அது முன்னரே தெரிந்திருந்தது. ஒரு கறுப்புக் கண்ணாடியைத் தடவிப் பார்த்து வாங்கினார். போகும்போது, "உந்தக் கட்டடம் என்ரை காணியிலைதான் நிக்குது பிள்ளை. எல்லாரும் வந்து பாத்திட்டுப் போகினம், எனக்குத்தான் தெரியேல்லை" என்று சிரித்தார்.

வந்து போன ஒவ்வொருவருக்கும் நான் ஓர் அட்டை வைத்திருப்பேன், வருடவாரியாக. கூட்டம் முடிந்து கடைக்குள் வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தேடினேன். அதிக நேரம் எடுக்கவில்லை. என் கையெழுத்து. இரண்டு கண்ணுக்கும் நேரே "கை அசைவு மட்டும்" என்று இருந்தது. உறுதியின் திகதி அதற்கு மூன்று கிழமை பிந்தியது.

அட்டையைக் கைப்பைக்குள் வைத்தேன். அன்றிலிருந்து அது இருந்த இடத்தில் இருக்கவில்லை. வீட்டில் சேலை அடுக்குக்குள் வைத்தேன். பிறகு கணவரின் பாடப் புத்தகங்களுக்கு நடுவே வைத்தேன். பிறகு திரும்பக் கடை மேசை லாச்சிக்குள். பஸ்ஸில் இருக்க முடியாமல் இரண்டு தரிப்பிடம் முந்தி இறங்கி நடந்தேன். கண் பரிசோதிக்கும்போது ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டேன், வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அட்டையை வெளியே எடுத்தால் முதலாளியின் உறுதி ஆட்டம் காணும், பதினொரு கடையும் போகும். எடுக்காவிட்டால், பார்க்க முடியாத மனிதரிடம் வாங்கிய கையெழுத்தில் நான் இன்னும் பத்து வருடம் கடை நடத்துவேன்.

கணவர் பள்ளிக்கூட ஆசிரியர், சண்டை சச்சரவுக்குப் போகாதவர். சொன்னபோது, ஒருவரும் கேட்காத கேள்விக்கு நீ ஏன் பதில் சொல்லப் போகிறாய் என்று கேட்டார். அது பிழையான பேச்சென்று எனக்குப் படவில்லை.

குருநகர்ப் பிள்ளைக்கும் சொன்னேன். அவளிடம் மறைத்துக்கொண்டு அவளோடு சாப்பிட முடியவில்லை. அட்டையைக் கையில் வாங்காமலே பார்த்தாள்.

"அக்கா, உதைக் கிழிச்சுப் போடுங்கோ" என்றாள்.

கிழிக்க மனம் வரவில்லை என்றேன்.

"அப்ப எனக்கு ஏன் காட்டினனீங்கள்? இனி எனக்கும் நித்திரை இல்லை."

அவளுக்கு அந்தக் கடையை விட்டால் வேறில்லை. எனக்காவது வீட்டில் கணவரின் உத்தியோகம் இருந்தது.

அடுத்த கிழமை ஒரு மனிதர் தனியாகப் படியேறி வந்தார். அறுபதை அண்டிய வயது. வாசிக்கிற கண்ணாடி வேண்டும் என்றார். கதிரையில் இருத்தி எழுத்துக்களைக் காட்டினேன். கடைசி வரிக்கு முந்திய வரியில் தடுமாறினார். பிரேம் தெரிந்தெடுக்கும்போதுதான் சொன்னார்.

"தங்கச்சி, நான்தான் இந்தக் காணிக்காரன். நீங்கள் சங்கத்தின்ரை செயலாளர் எண்டு சொல்லிச்சினம். அதாலைதான் உங்களிட்டை வந்தனான்."

என் கையில் இருந்த அளவுகோல் கீழே விழுந்தது. அவர் அதை எடுத்துத் தந்துவிட்டு அமைதியாகக் கதைத்தார். லண்டனில் இருந்து வந்து ஆறு மாதம் ஆகிறதாம். கட்டடத்தை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுவதுதான் யோசனை. கரைச்சல் தராமல் எழும்புகிற கடைக்காரருக்கு வீதிப் பக்கமாகக் கீழ்க்கடைகள் தருவாராம். உங்களுக்கும் ஒன்று, முன்வாசலோடு, படி ஏற முடியாத வயது போனவர்களுக்கும் வசதி என்றார். எனக்கு எது வேண்டும் என்று யாரோ அவருக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

எழும்பும்போது, "அப்பாவும் கடைசிக் காலத்திலை இங்கை ஒருக்கா வந்தவராம், டிரைவர் சொன்னான். அவரின்ரை கண்ணைப் பற்றி ஏதும் பதிவு கிடக்குமோ?" என்று கேட்டார்.

அட்டை அவருடைய முழங்கைக்குக் கீழே லாச்சிக்குள் கிடந்தது. தேடிப் பார்க்கிறேன் என்றேன். அது பொய். கீழ்க்கடையைப் பற்றிச் சொல்லியிருக்காவிட்டால் அப்போதே எடுத்துக் கொடுத்திருப்பேனோ, தெரியாது. ஆனால் அதைக் கேட்டபிறகு கொடுத்தால், நான் விற்றதாகத்தான் ஆகும். அவர் போனபிறகு எஸ்கலேட்டரின் அசையாத படிகளில் இரண்டு தரம் இறங்கி ஏறினேன்.

மூன்று நாள் கழித்துக் கூட்டம் கூட்டினேன். இரண்டு பக்கத்துக்கும் கொடுக்கும் முன், எங்கள் பதினொரு பேருக்கும் முதலில் தெரிய வேண்டும் என்று எனக்குப் பட்டது. காணிக்காரர் வந்து போனதைச் சொன்னேன். கீழ்க்கடை தருகிறேன் என்றதையும் மறைக்கவில்லை. பிறகு அட்டையை வாசித்தேன். வாசிக்க இரண்டு வரிதான்.

புடவைக் கடைக்காரர் எழும்பினார். கீழ்த்தளத்தில் முதல் நாளிலிருந்து கடை வைத்திருந்தவர், எல்லோருக்கும் அண்ணை. "உங்களுக்கு முன்கடை கிடைச்சிட்டுது. நாங்கள் எங்கை போறது?" என்றார். நான் அதை வாங்கப் போவதில்லை என்றேன். அதை அங்கே ஒருவரும் நம்பவில்லை என்று முகங்களில் தெரிந்தது. நீதிமன்றம் கூப்பிட்டால் அட்டையோடு போவேன், கூப்பிடாவிட்டால் நானாகப் போகமாட்டேன், ஆனால் கிழிக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, செயலாளர் ஃபைலை மேசையில் வைத்தேன். குருநகர்ப் பிள்ளை என்னைப் பார்க்காமல் எழுந்து போனாள். அவளுடைய செருப்புச் சத்தம் மூன்று தளமும் கேட்டது.

பின்னேரமே முதலாளி வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கத்துவார் என்று பயந்திருந்தேன். கத்தவில்லை. அந்த ஐயா இருந்த கதிரையிலேயே இருந்தார்.

"தங்கச்சி, அவர் கையெழுத்து வைச்சது என்ரை கண்ணுக்கு முன்னாலை. நொத்தாரிசு ஒரு வரி விடாமல் வாசிச்சுக் காட்டினவர். அவரின்ரை கையை நான்தான் கோட்டிலை கொண்டுபோய் வைச்சனான். நம்பினா நம்புங்கோ, நம்பாட்டி விடுங்கோ."

நொத்தாரிசு இப்போது உயிரோடு இல்லை. சாட்சிகள் இரண்டு பேரில் ஒருவர் வெளிநாட்டில், மற்றவர் முதலாளியிடமே வேலை செய்தவர். முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். உண்மை சொல்லும் முகமாகத்தான் இருந்தது. ஆனால் முகத்தைப் பார்த்து நான் எதையும் எழுதுவதில்லை. காணிக்காரருக்கு அன்றைக்கே போன் எடுத்து, பதிவு இருக்கிறது, கையில் தரமாட்டேன், நீதிமன்றத்துக்குக் கொண்டு வருவேன், கீழ்க்கடையைப் பற்றி இனிக் கதைக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். முதல் மூன்றையும் சொன்னேன். நாலாவதைச் சொல்வதற்குள் அவர் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அழைப்பாணை வந்தது. இரண்டு தரம் போய், வழக்குத் தள்ளிப்போனதால் திரும்பினேன். மூன்றாம் தரம் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அட்டையைக் கொடுத்தேன். என் கையெழுத்துத்தான், நான் பரிசோதித்ததுதான் என்றேன். முதலாளியின் சட்டத்தரணி எழும்பி, பார்வை இல்லாத ஒருவர் கையெழுத்து வைக்க முடியாதா என்று கேட்டார்.

"வைக்கலாம்" என்றேன். "ஆனால் எதில் வைக்கிறார் என்று அவரால் வாசிக்க முடியாது."

"ஒருவர் வாசித்து விளங்கப்படுத்தியிருக்கலாம் அல்லவா?"

காணிக்காரர் முன்வரிசையில் இருந்து என்னையே பார்த்தார். முதலாளி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் புடவைக் கடை அண்ணை.

"ஓம். வாசித்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது."

அந்த ஒரு பதிலால் காணிக்காரருக்கும் நான் ஆகாதவளாகிவிட்டேன். வெளியே வரும்போது அவர் தலையைக்கூட அசைக்கவில்லை. முதலாளி மட்டும் பக்கத்தில் வந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

தீர்ப்பு வரவேயில்லை. அடுத்த தவணைக்கு முன்னரே காணிக்காரரும் முதலாளியும் கொழும்பில் சந்தித்துச் சமாதானம் ஆகிவிட்டார்கள். கல்யாண மண்டபமும் இல்லை, பத்து வருடமும் இல்லை. கீழ்த்தளம் முழுவதையும் ஒரு சுப்பர்மார்க்கெட்டுக்குக் கொடுப்பது, மேலே இரண்டு தளத்தையும் பூட்டுவது, இரண்டு பேருக்கும் பங்கு என்று முடிவாம். அந்தப் பேச்சில் கடைக்காரர் ஒருவருக்கும் கதிரை போடவில்லை. சித்திரை வருடப் பிறப்பு வரை எங்களுக்குத் தவணை தந்தார்கள்.

கீழ்க்கடை வேண்டாம் என்று சொல்வதற்கு நான் ஒரு வசனத்தைத் தயாராக்கி வைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது அதைத் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்ப்பேன். கடைசி வரை அதைக் கேட்க ஒருவரும் வரவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. மனதின் ஏதோ மூலையில், அந்தக் கடை கிடைக்கும் என்று நானும் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

சாமான் ஏற்றிய கிழமையில் குருநகர்ப் பிள்ளையும் நானும் பக்கத்துப் பக்கத்தில் பெட்டி கட்டினோம், பேச்சில்லை. அவளுடைய பெரிய நிலைக்கண்ணாடியை இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்க வேண்டும். ஆள் வரவில்லை. நான் போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். அவள் மறுக்கவில்லை. ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினோம். "மெல்ல" என்ற ஒரு சொல்லை மட்டும் நான் நாலைந்து தரம் சொன்னேன். கீழே லொறியில் ஏற்றியதும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு ஏறி இருந்தாள்.

இப்போது என் கடை சாவகச்சேரியில், ஆஸ்பத்திரி வீதியில், மச்சாள் முறையான ஒருவரின் வீட்டு முன்னறை. பண்டத்தரிப்பிலிருந்து இரண்டு பஸ். அறை நீளம் போதாது. எழுத்துக்களை இடவலம் மாற்றி எழுதிய பலகையை ஆளுக்குப் பின்னால் மாட்டி, எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியொன்றை வைத்து அதில் பார்க்கச் சொல்கிறேன். வேலை நடக்கிறது. ஆனாலும் எனக்கு இன்னும் இருக்கையில் இருப்புக் கொள்வதில்லை. ஆள் இல்லாத நேரத்தில் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். நான் செய்தது சரி என்று சில நாள் தோன்றும். அந்த ஐயாவுக்கு நொத்தாரிசு உண்மையிலேயே வாசித்துக் காட்டியிருந்தால் என்று சில நாள் தோன்றும். அப்படியானால் நான் முதலாளிக்குச் செய்தது என்ன?

போன மாதம் ஒரு மத்தியானம் குருநகர்ப் பிள்ளை வந்தாள். வீட்டிலேயே அலங்கார வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தாயின் கண்ணாடிக் கால் ஒன்று உடைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றாள். ஒரு கண்ணாடிக் காலை மாற்றக் குருநகரிலிருந்து சாவகச்சேரிக்கு ஒருவரும் வருவதில்லை. நான் அதைச் சொல்லவில்லை. ஆணியைக் கழற்றிப் புதுக் காலைப் பூட்டினேன். அவள் கதிரையில் இருக்காமல் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் கலியாணங்கள் கூடவோ?" என்று கேட்டாள்.

ஓம், மண்டபங்கள் இருக்கின்றன, ஆனால் அலங்காரத்துக்குப் பட்டணத்திலிருந்துதான் ஆள் எடுக்கிறார்கள் என்றேன்.

அவள் கண்ணாடியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே, "சின்னதா ஒரு அறை கிடைச்சாச் சொல்லுங்கோ அக்கா. மாடியிலை வேண்டாம்" என்றாள்.

பார்க்கிறேன் என்றேன். அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இப்போது காலையில் பஸ்ஸால் இறங்கியதும் நேரே கடைக்குப் போவதில்லை. சந்தைப் பக்கத்து ஒழுங்கைகளில் ஒரு சுற்று நடந்து, பூட்டிக் கிடக்கும் கதவுகளில் வாடகைக்கு என்று பலகை தொங்குகிறதா என்று பார்க்கிறேன். இரண்டு இடம் கண்டேன். ஒன்று மழைக்கு ஒழுகும். மற்றதன் சொந்தக்காரர் இன்னும் போனை எடுக்கவில்லை.